பையில் தங்கிய கல்

அன்று ஜெபக்கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இருந்தேன். என் தம்பி இருந்தான். தையல்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஜெபம் செய்ய ரொட்டிக்காரர், வேதம் வாசிக்க வாத்தியார், கல் எடுக்க மருத்துவச்சி, சுவரோரம் தலை குனிந்தபடி உட்கார்ந்திருந்த மேய்ப்பரின் விதவை. அவ்வளவுதான். மற்றவர்கள் காய்ச்சலுக்குப் பயந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். அன்று அங்கே இல்லாதவர்கள்தான் அதைப் பற்றி இன்று அதிகம் பேசுகிறார்கள். அதனால்தான் இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் சபையை நடத்தும் மேய்ப்பருக்குச் சம்பளம் கிடையாது. ஏதாவது ஒரு தொழில் செய்து சாப்பிடுகிறவரே மேய்ப்பராகவும் இருப்பார். அவர் இறந்துபோனால் அந்த இடத்துக்கு ஆள் தேடி அலைய மாட்டோம், கைதூக்கி வாக்கும் எடுக்க மாட்டோம். இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் யூதாஸ் விட்டுப்போன இடத்துக்கு மத்தியா எப்படி வந்தாரோ அப்படித்தான் எங்கள் மேய்ப்பரும் வருவார். இரண்டு பேரை நிறுத்துவோம். ஜெபம் செய்வோம். சீட்டுப் போடுவோம்.

எங்களிடம் சீட்டு என்பது இரண்டு வெள்ளைக் கற்கள். சுண்ணாம்பு போல மிருதுவான கல். ஒன்றில் ஒரு கீறல், மற்றதில் இரண்டு கீறல். விரலால் தடவினால் தெரியாத அளவுக்கு மெல்லிய கீறல்கள். ஜெபம் முடியும்வரை அவரவர் கல்லை அவரவர் உள்ளங்கையில் மூடி வைத்திருக்க வேண்டும். பிறகு தானே பைக்குள் போட வேண்டும். சபையில் வயதில் மூத்தவர் பையில் கைவிட்டு ஒன்றை எடுப்பார். அது யாருடைய கல்லோ அவரே மேய்ப்பர். எடுத்தது எடுத்ததுதான். இரண்டாம் முறை கிடையாது.

மத்தியாவைப் பற்றி வேதத்தில் இருப்பது கொஞ்சம்தான். அவர் பேசியதாக ஒரு வார்த்தை இல்லை. சீட்டு விழுந்தது, பதினொருவரோடு சேர்ந்துகொண்டார், அத்தோடு சரி. ஆனால் எங்கள் பெரியவர்கள் அந்தக் கொஞ்சத்தையே எங்களுக்கு முன்மாதிரியாக வைத்தார்கள். அவர் அந்த இடத்தைக் கேட்டு வாங்கவில்லை. விழுந்தபோது மறுத்து ஓடவுமில்லை. ஆண்டுதோறும் மத்தியா நாளில் இதைத்தான் சொல்வார்கள்.

என் தம்பிக்கு மட்டும் வேறொரு கேள்வி இருந்தது. மத்தியாவோடு நிறுத்தப்பட்ட இன்னொருவர், யுஸ்து என்று அழைக்கப்பட்டவர், அவர் என்ன ஆனார்? ஒரு மத்தியா நாளில் கூட்டம் முடிந்ததும் மேய்ப்பரை வாசலிலேயே மடக்கிக் கேட்டான்.

"என்ன ஆகியிருப்பார்? வீட்டுக்குப் போய் வேலையைப் பார்த்திருப்பார்" என்றார் மேய்ப்பர்.

"சந்தோஷமா போயிருப்பாரா, வருத்தமா போயிருப்பாரா?"

"ஏம்ப்பா, போன மனுஷனைக் கூப்பிட்டு வச்சுக் கேக்க நான் யாரு? தொட்டியில உனக்குத் துணி ஊறலையா, போ."

சிரித்துக்கொண்டே வந்தான். ஆனால் அந்தக் கேள்வியை விடவில்லை.

நாங்கள் சாயக்காரர்கள். அவுரி நீலம் மட்டும்தான் போடுவோம். என் தகப்பனார் கை, அவர் தகப்பனார் கை, என் கை, தம்பி கை, எல்லாம் மணிக்கட்டுக்கு மேல்வரை நீலம். தெருவில் யாராவது எங்களைக் கேலி செய்ய நினைத்தால், "கையை எடுங்கப்பா, சட்டையில ஒட்டிக்கும்" என்பார்கள். என் தகப்பனார், "எங்க கை உங்க சட்டைகிட்ட வந்தாத்தானே? நாங்க யார்கிட்டயும் கை நீட்டினதே இல்லையே" என்று பதில் சொல்வார். அது உண்மை. எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லும்படி நாங்கள் வைத்துக்கொண்டதில்லை.

அந்தக் கோடையில் காய்ச்சல் வந்தது. ஊர் எல்லையில் இருந்த பழைய நூல் கிடங்கைக் கொட்டகையாக்கி நோயாளிகளை அதற்குள் போட்டார்கள். உள்ளே போகிறவர் காய்ச்சல் ஓயும்வரை வெளியே வரக்கூடாது என்று சட்டம். எங்கள் மேய்ப்பர் போனார். தண்ணீர் கொடுத்தார், செத்தவர்களின் கண்ணை மூடிவிட்டார், கடைசியில் அவர் கண்ணையே மூட ஆளில்லாமல் இறந்தார். அவருக்குப் பின் வருகிறவரும் அந்தக் கொட்டகைக்குள்தான் போக வேண்டும். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நிறுத்தப்பட்டவர்கள் இருவர். ஒருவர் தையல்காரர். நல்ல மனிதர். மடியில் ஒன்றும் தோளில் ஒன்றும் காலைக் கட்டிக்கொண்டு மற்றவையுமாக வீடு நிறையப் பெண் குழந்தைகள். இன்னொருவன் என் தம்பி. அவன் மனைவி முதல் பிரசவத்திலேயே போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவன் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அந்தப் பிரசவம் பார்த்தவள் இதே மருத்துவச்சிதான். அன்றிலிருந்து அவனை ஏதோ தான் பெற்ற பிள்ளை போல நடத்தினாள். இதை நான் மறைக்கவில்லை, ஏனென்றால் பிற்பாடு ஊர் இதைத்தான் பிடித்துக்கொண்டது.

சீட்டுப் போட ஆள் அனுப்பியபோது தொட்டியில் துணி இருந்தது. நீலத் தொட்டியில் துணியைப் பாதியில் விட்டால் திட்டுத்திட்டாகிவிடும். தம்பி கடைசித் துணியைத் தூக்கிக் கொடியில் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தபடியே ஓடிவந்தான். துடைத்தானே தவிரக் கழுவவில்லை. கழுவினால் போகும் நீலமா அது? எங்கள் யாருக்கும் அது தோன்றவேயில்லை. வேறு தொழில்காரனாக இருந்தால் தோன்றியிருக்கும்.

ரொட்டிக்காரர் ஜெபத்தை ஆரம்பித்தார். அவர் ஜெபம் செய்தால் அடுப்பில் ரொட்டி கருகினாலும் ஆமென் வராது. அன்று இன்னும் நீண்டது. முடிந்ததும் இருவரும் கல்லைப் பைக்குள் போட்டார்கள். மருத்துவச்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை விட்டாள். சிறிது நேரம் துழாவினாள். ஒரு கல்லை எடுத்து வாத்தியாரிடம் கொடுத்தாள்.

"ஒரு கீறல்" என்றார் வாத்தியார். "தையல்காரர்."

தையல்காரர் மனைவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது. தையல்காரர் எழுந்து நின்று, "சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் என் தம்பியைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனசுக்குள் என்ன இருந்தது என்பது எனக்கும் கடவுளுக்கும் தெரியும்.

பிறகு வாத்தியார் வழக்கப்படி பையைக் கவிழ்த்து மற்றக் கல்லை எல்லாருக்கும் காட்டினார். அது நீலமாக இருந்தது.

தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி பச்சையாகத்தான் வரும். காற்றுப் பட்டபின்தான் நீலமாகும். ஆகவே அந்தக் கல் பைக்குள் போகும்போது என்ன நிறத்தில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வெளியே வந்தபோது நீலம். ஈரக் கையில், வியர்வையில், அந்த நீண்ட ஜெபம் முழுவதும் அவன் பிடித்திருந்த கல்.

மறுநாள் காலையில் தையல்காரர் மனைவி எங்கள் பட்டறைக்கு வந்தாள். தம்பி தொட்டியருகில் நின்றிருந்தான். அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கையைக் கழுவாம சாமி காரியத்துக்கு யாராவது வருவாங்களா?"

"இது கழுவினா போறது இல்லம்மா" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். மருத்துவச்சிக்கும் தெரியும். ஒரு கல்லு வெள்ளை, ஒரு கல்லு நீலம். அதுக்குப் பேரு சீட்டா? அதுக்குப் பேசாம, 'என் புள்ளையை அனுப்ப மாட்டேன், உன் புருஷனை அனுப்பு'ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே!"

"வார்த்தையை அளந்து பேசு. எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்லை."

"உங்க குடும்பம் நல்லா இருக்கட்டும். என் குடும்பம்தானே தெருவுல நிக்கப்போகுது. நாளைக்குக் காலையில கிளம்புறாரு. மூட்டை கட்டியாச்சு. சின்னது அதுல பொம்மையை வச்சு அனுப்புது, அப்பாவுக்குத் துணைக்காம்."

தம்பி கையில் இருந்த துணியை விட்டுவிட்டான். அது தொட்டிக்குள் முழுகிப்போனது.

"அக்கா" என்றான். "நீங்க சொல்றது சரியான்னு எனக்குத் தெரியல. ஆனா தப்புன்னு சொல்லவும் வாய் வரல."

அவள் போனபின் நான் அவனை இழுத்துக்கொண்டு மருத்துவச்சி வீட்டுக்குப் போனேன். அவள் வாயால் ஒரு வார்த்தை சொல்லட்டும், இந்தப் பேச்சு அங்கேயே முடியட்டும் என்பது என் எண்ணம். அவள் கட்டிலில் உட்கார்ந்து வெந்நீரில் காலை வைத்திருந்தாள்.

"உனக்குக் கல்லு கண்ணுல பட்டதா, சொல்லு" என்றேன். "இவன் முன்னாடி சொல்லு."

"கண்ணா? எந்தக் கண்ணு? உன் முகமே எனக்குப் புகை மாதிரி தெரியுது. குரலை வச்சுத்தான் நீன்னு நினைச்சேன். அதுவும் இந்த ஊர்ல இவ்வளவு விறைப்பா பேசுறது நீ ஒருத்தன்தான்."

"கேட்டியா?" என்று தம்பியிடம் திரும்பினேன். "முடிஞ்சது. வா."

அவன் நகரவில்லை. தரையில் அவள் காலருகே உட்கார்ந்தான்.

"கண்ணு இல்லம்மா. கைக்கு? கைக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

அவள் காலை வெந்நீரிலிருந்து எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"ஒண்ணு ஈரமா இருந்துச்சுடா" என்றாள். "முதல்ல அதுதான் கையில வந்துச்சு. விட்டுட்டு மத்ததை எடுத்தேன்."

"ஏன் விட்டீங்க?"

"தெரியலையே. எத்தனையோ வருஷமா ஈரமான புள்ளைங்களையே தூக்கின கைடா இது. அதுக்கு என்ன தோணுச்சோ. நான் நினைச்சு விடல. சத்தியமா நினைச்சு விடல. ஆனா விட்டேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் நான் பேசினேன், அவன் கேட்டுக்கொண்டே வந்தான். பட்டறைக்குள் வந்ததும் அவன் பேசினான்.

"அண்ணா, அவர் இடத்துக்கு நான் போறேன்."

"சீட்டு விழுந்தாச்சு. எடுத்தது எடுத்ததுதான்."

"அதை நான் மாத்தல. மேய்ப்பர் அவர்தான். அவர் சபையைப் பார்க்கட்டும். கொட்டகைக்கு அவரோட ஆளா நான் போறேன்."

"போனா என்ன அர்த்தம் தெரியுமா? நாம ஏமாத்தினோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்பா பேரு, தாத்தா பேரு எல்லாம் இந்தத் தொட்டியில போட்டு முக்கின மாதிரி."

"ஒத்துக்கிட்ட மாதிரியே இருக்கட்டும்."

"நீ யாரையும் ஏமாத்தலடா!"

"நான் ஏமாத்தல. மருத்துவச்சியும் ஏமாத்தல. என் கை ஈரமா இருந்துச்சு, அவ்வளவுதான். ஆனா அதுக்கு அவர் ஏன் சாகணும்?"

என் மனைவி உள்ளிருந்து வந்து கதவோரம் நின்றாள். "அண்ணி, நீங்களாவது சொல்லுங்க" என்றான் அவன். அவள் உள்ளே போய் அவனுடைய துவைத்த சட்டைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

நான் அவனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "இந்த வாசலைத் தாண்டினா என் வார்த்தையை மீறிப் போறன்னு அர்த்தம்." அவன் என் காலைத் தொடவில்லை. எங்களிடம் அந்த வழக்கம் இல்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, "இது நல்லா ஏறியிருக்கு அண்ணா, அந்த முழுகினதைத்தான் திரும்பப் போடணும்" என்று சொல்லிவிட்டுத் தாண்டினான்.

தையல்காரர் வீட்டில் நடந்ததை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார். அவர் விடவில்லையாம். இவன் மூட்டையைப் பிடுங்கி, பொம்மையை மட்டும் எடுத்துச் சின்னவளிடம் கொடுத்துவிட்டு, "மாமாவுக்குத் துணை வேண்டாம், மாமா பெரிய ஆளு" என்றானாம். தையல்காரர் கதவை மறித்து நின்றிருக்கிறார். "யுஸ்து என்ன ஆனார்னு யாருக்கும் தெரியாது. நான் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன், வழியை விடுங்க" என்றிருக்கிறான். அதற்குமேல் தன்னால் நிற்க முடியவில்லை என்றார் அவர்.

கொட்டகைக்கு வேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரம். நான் அங்கே போய் நிற்பேன். அவனைப் பார்க்கப் போகவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போவேன். என் மனைவி ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுப்பாள். காவல்காரன் அதை வாங்கி உள்ளே வைப்பான். தம்பி ஜன்னலுக்கு வருவான்.

"அண்ணா, நீலம் சரியா வருதா?"

"வருது."

"இங்கே எல்லாரும் என் கையைப் பார்த்துப் பயந்துட்டாங்க. செத்தவன் கை மாதிரி இருக்காம். எமனே தண்ணி கொண்டுவந்துட்டான்னு ஒரு கிழவர் கத்துறாரு. இப்ப அவருக்கு என் கையில குடிச்சாத்தான் இறங்குது."

"சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேன்."

எங்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும். தொட்டி, துணி, சாப்பாடு. வேறு எதுவும் நான் பேசவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. அந்த வாசலைப் பற்றி இருவரும் ஒருமுறைகூடப் பேசவில்லை.

காய்ச்சல் இறங்க ஆரம்பித்திருந்தது. கொட்டகையிலிருந்து ஆட்கள் நடந்து வெளியே வந்தார்கள். அந்தக் கிழவர்கூட வந்தார். வேலியருகே என்னைப் பார்த்து நின்று, "நீலக்கைக்காரனுக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்டார். "அண்ணன்" என்றேன். அவர் என் நீலக் கையை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒருநாள் அவன் ஜன்னலுக்கு மெதுவாக வந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் சிவந்திருந்தது.

"அண்ணா, இங்கே பாரு."

கையை நீட்டினான். வெளுத்திருந்தது. நகத்தின் அடியில் மட்டும் கொஞ்சம் நீலம். மற்றதெல்லாம் யாரோ ஒருவர் கை.

"தொட்டியில கை வைக்காததால போயிடுச்சு" என்றான். "போகாதுன்னு நினைச்சேன். போகுது பாரு."

"வந்ததும் வச்சா திரும்ப ஏறிடும்."

"ஏறும்" என்றான்.

அவனை வெளியே கொண்டுவந்தபோது துணியில் சுற்றியிருந்தார்கள். சுண்ணாம்பு போட்டிருந்தார்கள். கிட்டே போகக் கூடாது என்றார்கள். நான் போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. துணியிலிருந்து ஒரு கை வெளியே தெரிந்தது. அது முழுக்க வெள்ளையாகிவிட்டிருந்தது, நகம் உட்பட. என் தகப்பனாரைப் புதைத்தபோது நீலக் கையோடு புதைத்தோம். அவர் தகப்பனாரையும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் வெள்ளைக் கையோடு மண்ணுக்குப் போனவன் அவன் ஒருவன்தான். அது அவன்தானா என்று நான் முகத்துத் துணியை விலக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

அடக்கத்தில் தையல்காரர் மேய்ப்பராக நின்று வேதம் வாசிக்க வேண்டும். புத்தகத்தைத் திறந்தார். மறுபடி மூடினார். ரொட்டிக்காரர் புத்தகத்தை வாங்கி வாசித்தார். அன்று அவர் ஜெபம் மிகவும் சுருக்கமாக இருந்தது.

தையல்காரர் மனைவி என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள். மன்னிப்புக் கேட்க வந்தாள் என்று நினைக்கிறேன். "உள்ளே வாம்மா" என்றேன். அவள் உள்ளே வந்து என் மனைவியோடு உட்கார்ந்து அழுதாள். எதைப் பற்றியும் நான் அவளிடம் பேசவில்லை. நான் பேச வேண்டியிருந்தது அவன் ஒருவனிடம்தான்.

மருத்துவச்சி அதிக நாள் இருக்கவில்லை. கடைசிவரை ஈரமான பாத்திரத்தைத் தொட்டால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள் என்று அவள் மகள் சொன்னாள்.

அந்தக் கல்லைச் சாம்பல் போட்டுக் கொதிக்க வைத்துப் பார்த்தார்கள். மணலில் தேய்த்தார்கள். வாத்தியார் எலுமிச்சம்பழம்கூடப் போட்டுப் பார்த்தார். போகவில்லை. சபைக்கு வேறு இரண்டு கல் வாங்கினார்கள். இப்போது சீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் கையைக் கழுவி, துடைத்து, காயவைத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்று விதி. அந்த விதி எப்படி வந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாது.

தையல்காரர் நெடுநாள் மேய்ப்பராக இருந்தார். நன்றாகவே இருந்தார். பெண்கள் எல்லாரையும் கரையேற்றினார். பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். மத்தியா நாளில் அவர் வாசிக்கும்போது இரண்டு பெயர்களையும் வாசித்துவிட்டு, கொஞ்சம் நிறுத்துவார். பிறகுதான் மேலே போவார். சபை அதற்குப் பழகிவிட்டது. போன குளிர்காலத்தில் அவரையும் அடக்கம் செய்தோம்.

இந்த ஆண்டு மத்தியா நாளில் புதிய மேய்ப்பர் பேசினார். இளைஞர், நல்லவர். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஆஸ்பத்திரி. அதன் சுவரில் என் தம்பிக்கு ஒரு கல்வெட்டு வைக்கப்போவதாகச் சொன்னார். "மத்தியாவைப் போலவே, சீட்டு தன்மேல் விழுந்த உடனே மறுபேச்சில்லாமல் கொட்டகைக்குள் போனவர்" என்று அதில் எழுதப்போகிறார்களாம். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், நான் மகிழ்ந்துபோவேன் என்று நினைத்திருப்பார்கள். முன்வரிசையில் தையல்காரரின் பெண்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் மறுக்கவில்லை.

எனக்கு எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எழுந்தேன். அங்கே சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். சீட்டு என் தம்பி மேல் விழவில்லை. தையல்காரர் மேல்தான் விழுந்தது. என் தம்பியின் கல் பையிலேயே இருந்தது.